பன்மை ஒலிக்கும் இடம்

2019-ஆம் ஆண்டு மேல்நிலைத் தேர்வு முடிவு வெளியான அன்று எங்கள் வீட்டில் இனிப்பு வழங்கினார்கள். என் பேத்தி பிரெஞ்சு மொழிப் பாடத்தில் 100-க்கு 98 மதிப்பெண் பெற்றிருந்தாள். அக்கம்பக்கத்தார் வந்து வாழ்த்தினர். நான் மட்டும் அந்த இனிப்பைக் கையில் வாங்கிக்கொண்டு, வாயில் இடாமல், மரவள்ளிக் காட்டுப் பக்கம் போய்விட்டேன். 32 ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவனுடைய பேத்தி தமிழை விட்டுவிட்டு வாங்கிய மதிப்பெண் அது என்ற கசப்பு எனக்கு.

வெளி மாவட்டத்து வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தமிழ் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாகக் கட்டாயப் பாடமாகிப் பத்தாம் வகுப்பை எட்டியது. அதற்கு மேலுள்ள இரண்டு ஆண்டுகளில் மொழிப்பாடத்தை மாணவரே தெரிவு செய்துகொள்ளலாம். நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் மதிப்பெண்ணுக்குப் பெயர் பெற்றவை. அங்கே பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர் கணக்குப் போடுவதில் வல்லவர்கள். செய்யுளும் உரைநடையும் இலக்கணமுமாக விரியும் தமிழைவிட, அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் பிரெஞ்சில் மதிப்பெண் திரட்டுவது எளிது என்பது அவர்கள் கணக்கு. என் மகனும் அந்தக் கணக்கைத்தான் போட்டான். அந்த ஆண்டு நான் அவனோடு பேசிய சொற்களை எண்ணிவிடலாம்.

பட்டப்படிப்பு முடிந்ததும் பேத்திக்குப் பிரான்சு நாட்டில் மேற்படிப்புப் படிக்கும் ஆசை வந்தது. முதற்படியாக 2022-இல் 'டெல்ஃப்' என்னும் தேர்வின் தொடக்கநிலையை எழுதினாள். பிரெஞ்சுக் கல்வி அமைச்சகத்தின் சான்றிதழ்த் தேர்வு அது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிற்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 பெற்றால் தேர்ச்சி. ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் குறைந்துவிடக் கூடாது. எழுதுவதில் 23 பெற்ற என் பேத்தி, பேசுவதில் 4 பெற்றாள். மூன்று பகுதிகளில் வாங்கியது அத்தனையும் அந்த ஒற்றை மதிப்பெண் குறைவால் வீணாயிற்று.

நடந்தது இதுதான். அக்காளின் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்படி தேர்வாளர் கேட்டிருக்கிறார். "அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று சொல்ல நினைத்து, "அவர்கள் இரண்டு பிள்ளைகள்" என்று பொருள்படும்படி சொல்லிவிட்டாள். தேர்வாளர் திருப்பிக் கேட்க, அதையே இன்னும் உரக்கச் சொல்லியிருக்கிறாள். அதன்பின் நாக்கு எழவில்லை. அரசுத் தேர்வுக்கு இரண்டு ஆண்டுகளும் எழுதி எழுதிப் படித்த மொழி அது. வாய்விட்டுப் பேச எவரும் கேட்டதில்லை.

ராசிபுரத்திற்கு அருகிலுள்ள எங்கள் ஊருக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "பிரெஞ்சே வேண்டாம் தாத்தா" என்றாள். உள்ளூர எனக்கு ஒரு மகிழ்ச்சி தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. மறுகணமே அதற்காக நாணினேன். "எங்கே, நீ படித்ததைச் சொல் கண்ணு, கேட்போம்" என்றேன்.

'பேசு' என்னும் வினையின் நிகழ்கால அட்டவணையைச் சொன்னாள். "ஜ பார்ல், த்யு பார்லெஸ், இல் பார்ல், நூ பார்லோன்ஸ், வூ பார்லெஸ், இல்ஸ் பார்லெண்ட்." நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்னும் ஆறு இடங்களுக்கும் உரிய வடிவங்கள். பிசகின்றி எழுதியும் காட்டினாள். பிறகு அவளுடைய செல்பேசியில், பிரெஞ்சுக்காரர் ஒருவர் அதே அட்டவணையைச் சொல்லும் பதிவைப் போடச் சொன்னேன். எனக்கு அம்மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆதலால் காதில் விழுந்ததை மட்டும் தமிழ் எழுத்தில் எழுதினேன்: பார்ல், பார்ல், பார்ல், பார்லோன், பார்லே, பார்ல்.

"நான்கு ஒன்றுபோல் இருக்கின்றனவே" என்றேன்.

"இருக்காது தாத்தா. எழுத்து வேறு வேறு."

மூன்று முறை திரும்பப் போட்டோம். எனக்கு மூன்று முறையும் அதே ஒலிதான். அவளுக்கோ இல்லாத எழுத்துகளும் கேட்டுக்கொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்ன பிறகே, "ஆமாம்" என்று மெல்லச் சொன்னாள்.

'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்குரிய பிரெஞ்சு வினையை ஏழு எழுத்துகளால் எழுதுகிறார்கள். ஒலிப்பதோ ஒரே அசை. ஈறாக நிற்கும் ஈ, என், டி ஆகிய மூன்றும் வாய் திறப்பதில்லை. இறந்தகாலத்தின் ஒரு வகையில் அதே வினைக்கு ஒன்பது எழுத்துகள். ஒலி 'பார்-லெ' என்ற இரண்டே அசை. தமிழிலோ 'பேசுகிறேன்' என்றால் நான். 'பேசுகிறாய்' என்றால் நீ. விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் எழுவாயைச் சொல்லாமலும் விடலாம். பிரெஞ்சில் விகுதி ஊமையாகிவிட்டபடியால் ஜ, த்யு, இல் என்னும் முன்சொற்கள் இல்லாமல் வினை நிற்காது. இதை நான் சற்றுப் பெருமையோடு எடுத்துச் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள்.

"நாம் மட்டும் என்ன தாத்தா? 'பேசுகிறார்கள்' என்று எழுதிவிட்டு, 'பேசறாங்க' என்றுதானே பேசுகிறோம்?"

எனக்கு விடை கூறத் தோன்றவில்லை. மாணவர்களின் ஏடுகளில் 'பேசறாங்க' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்திவிட்டு, அடுத்த நொடியே அந்தச் சொல்லால் அவர்களை அதட்டியவன் அன்றோ நான்?

அப்போது பழைய நினைவொன்று வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்கு முன்னர், நான் பீடச் சிறுவனாக இருந்த காலத்தில், திருப்பலி இலத்தீனில் நடைபெற்றது. பதிலுரைகளை நாங்கள் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்வோம். எங்கள் பங்கிலிருந்த முதிய பிரெஞ்சுக் குருவானவர் மேசையைப் பிரம்பால் தட்டித் தட்டி ஒவ்வோர் அசையாகச் சொல்லிக் கொடுப்பார். ஓர் அசை குறைந்தாலும் மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவர் தமிழ் பேசும்போது ஒவ்வொரு தொடரின் கடைசி அசையும் சற்றே மேலெழும்பும், நாங்கள் சிரிப்போம். பிரெஞ்சில் அழுத்தம் தொடரின் இறுதி அசையிலே விழும் என்பது எனக்கு அறுபது ஆண்டுகள் கழித்துப் பேத்தியின் பாடப்புத்தகத்திலிருந்து தெரிய வந்தது.

இலத்தீனில் 'அவர்கள் நேசிக்கிறார்கள்' என்பது 'ஆமந்த்'. ஈற்றிலுள்ள இரண்டு மெய்யும் நன்றாகக் காதில் விழும். அச்சொல்லின் வழித்தோன்றல்தான் பிரெஞ்சின் 'எம்'. பழைய பிரெஞ்சிலும் ஈற்று மெய்கள் ஒலித்தவைதாம். நாளடைவில் வாய் அவற்றை விட்டுவிட்டது; எழுத்து விடவில்லை.

மறுநாள் காலை முதல் பாடம் தொடங்கிற்று. யார் யாருக்கு ஆசிரியர் என்று சொல்வது கடினம். பொருளும் எழுத்தும் அவளுக்குத் தெரியும். காதும் நன்னூலும் என்னிடம் இருந்தன. ஒவ்வொரு வினை வடிவத்தையும் பதிவில் கேட்டு, கைதட்டி அசை பிரித்து, அதன் பின்னரே எழுத்தைப் பார்ப்பது என்று முறை வகுத்தோம். நம் யாப்பில் இரண்டு குறில் இணைந்து நிரையசை ஆகும். பிரெஞ்சில் அந்த இணைப்பு இல்லை. ஒலிக்கும் உயிர் ஒன்றுக்கு அசை ஒன்று, தட்டு ஒன்று.

பிரெஞ்சு அசை, கூடியவரை உயிரில் முடியவே விரும்புகிறது. இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் நின்றால் அது பின்னுள்ள உயிரோடு போய்விடும். தமிழ்ப் பிள்ளைக்கு இதைத் தனியே கற்பிக்க வேண்டுமா? உயிர்மெய் என்று ஓரெழுத்தாகவே எழுதிப் பழகிய கை அல்லவா? 'பால்', 'ஆடை' என்னும் இரண்டும் சேர்ந்தால் பா-லா-டை. லகரம் அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொள்கிறது. அவ்வாறே 'இல்' என்னும் 'அவன்' சேர்ந்து 'அவன் நேசிக்கிறான்' என்பது இ-லெம் ஆகும். ஆங்கிலம் வழியாக இம்மொழியைப் படித்ததால், என் பேத்தி ஒவ்வொரு சொல்லையும் வேலி போட்டு நிறுத்தி ஒலித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து ஊமை ஈ. இதற்குத் தமிழில் நெருங்கிய உறவு குற்றியலுகரம்தான். தனக்குரிய ஒரு மாத்திரையில் பாதியாய்க் குறைந்து, உயிர் வந்தால் ஓடிப்போவது அது. 'வீடு', 'இல்லை' சேர்ந்தால் 'வீடில்லை'. பிரெஞ்சில் 'நான்' என்பதற்குரிய 'ஜ'வின் ஈற்றுயிர் 'எம்' வந்ததும் மறைந்து 'ஜெம்' ஆகிறது. விடுபட்ட இடத்தில் மேலே ஒரு சிறு குறி இடுகிறார்கள். 'நான் கொடுப்பேன்' என்பதன் வினையில் எழுத்துப்படி மூன்று அசை; பேச்சில் 'தொன்-ரே' என இரண்டே. அதே சொல் செய்யுளில் வந்தால் விழுங்கிய உயிரை மீண்டும் வாங்கி, தொ-ன-ரே என்று மூன்றாக எண்ணுகிறார்கள். குற்றியலிகரம் தளையைக் கெடுக்கும் இடத்தில் அதை அலகிடாமல் விடும் நம் வழக்கத்தை நினைத்துக்கொண்டேன். 'நான் பேசுவேன்' என்பதிலோ அந்த உயிரை விழுங்க முடியாது. விழுங்கினால் மூன்று மெய்கள் முட்டிக்கொள்ளும். ஆகவே 'பார்-ல-ரே' என்று பேச்சிலும் மூன்று அசை நிற்கும்.

இந்த ஊமை ஈயை அறிந்த பிறகு அவளுக்கு ஒரு பெருஞ்சுமை இறங்கியது. 'வாங்கு', 'அழை' போன்ற வினைகளில் சில வடிவங்களில் மட்டும் பகுதி மாறும். 'நாங்கள் வாங்குகிறோம்' என்பதில் பகுதியிலுள்ள ஈ நலிந்து, வினை 'அஷ்-தோன்' என ஒலிக்கும். 'நான் வாங்குகிறேன்' என்பதிலோ 'ஜ-ஷெத்' என அந்த ஈயே அழுத்தம் பெற்று, தலையில் சாய்கோடு ஒன்றும் வாங்கிக்கொள்ளும். 'அழை' என்னும் வினையில் சாய்கோட்டுக்குப் பதிலாக லகரம் இரட்டிக்கும். எந்த வடிவத்தில் மாறும், எதில் மாறாது என்பதை அவள் நீண்ட பட்டியலாக மனப்பாடம் செய்திருந்தாள். கைதட்டிப் பார்த்தோம். எந்த நான்கு இடங்களில் விகுதி ஒலிக்கவில்லையோ அதே நான்கு இடங்களில்தான் பகுதி மாறுகிறது. பின்னாலுள்ள அசை ஊமையானால் முன்னாலுள்ளது பாரத்தைத் தாங்கியாக வேண்டும். இரண்டும் ஒருசேர நலிய முடியாது. "இதை ஏன் எவரும் சொல்லவில்லை?" என்று கேட்டாள். (1990-இல் வெளியான பிரெஞ்சு எழுத்துத் திருத்தம் இத்தகைய பல வினைகளில் இரட்டிப்பை விட்டுச் சாய்கோடே போதும் என்றது, 'அழை', 'எறி' ஆகிய இரண்டையும் அவற்றின் இனத்தையும் மட்டும் தொடவில்லை. 1978-இல் நம் அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் லை, னை முதலியவற்றைப் புதுக்கோலத்தில் எழுதப் பழகிக்கொண்ட எனக்கு அந்தத் தடுமாற்றம் புரிந்தது.)

கேள்வி வாக்கியத்தில் இன்னொரு வியப்பு காத்திருந்தது. 'அவனிடம் இருக்கிறதா?' என்று கேட்க 'அ'வும் 'இல்'லும் அடுத்தடுத்து வர வேண்டும். இரண்டு உயிர்கள் முட்டுமே! இடையில் ஒரு தகர மெய்யைச் செருகி 'அ-தில்' என்கிறார்கள். அந்தத் தகரத்துக்குத் தனிப்பொருள் ஏதுமில்லை. "உடம்படுமெய்!" என்று கத்திவிட்டேன். மணி, ஓசை சேர்ந்தால் மணியோசை. பூ, அழகு சேர்ந்தால் பூவழகு. நாம் யகரமும் வகரமும் இடும் இடத்தில் அவர்கள் தகரம் இடுகிறார்கள். பேத்தி பத்தாம் வகுப்பில் படித்த உடம்படுமெய்யை மறந்திருந்தாள். பிரெஞ்சின் பொருட்டு அதைத் திரும்பக் கற்றாள். நான் அதற்காகத்தான் அந்தப் பாடத்தை அவ்வளவு ஆர்வமாக நடத்தினேனோ என்று மகன் கேட்டான். இல்லை என்று சொல்ல முடியவில்லை.

இனி, அவளுடைய 4 மதிப்பெண்ணுக்குக் காரணமான இடத்திற்கு வருகிறேன்.

'அவர்கள்' என்பதற்குப் பிரெஞ்சில் 'இல்' என்னும் சொல்லோடு எஸ் சேர்த்து எழுதுவார்கள். ஒலிக்கையில் அதுவும் 'இல்' மட்டுமே. ஆகவே 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' இரண்டும் காதுக்கு 'இல் பார்ல்'. ஒருவனா, பலரா என்பது முன்பின் பேச்சிலிருந்து ஊகிக்க வேண்டியதுதான். ஆனால் வினை உயிரில் தொடங்கினால் நிலைமை வேறு. உறங்கிக் கிடந்த எஸ் விழித்துக்கொள்ளும். விழித்ததும் அதிர்வோடு, வண்டு முரல்வது போன்ற ஒலியாக, அடுத்த சொல்லின் முதல் உயிர்மேல் ஏறும். தமிழில் அவ்வொலிக்கு எழுத்தில்லாததால் 'ஃஸ' என்று எழுதிக்கொண்டோம். 'நாங்கள் நேசிக்கிறோம்' நூ-ஃஸெ-மோன். 'நீங்கள் நேசிக்கிறீர்கள்' வூ-ஃஸெ-மே. 'அவன் நேசிக்கிறான்' இ-லெம். 'அவர்கள் நேசிக்கிறார்கள்' இல்-ஃஸெம்.

கடைசி இரண்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். வினையின் வாலில் மூன்று எழுத்துகளைப் பன்மைக்கென்றே எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றும் ஒலிக்கவில்லை. பன்மை ஒலிப்பதெல்லாம் இரண்டு சொற்கள் சேரும் அந்த ஒரு பொருத்தில். சொற்களைத் தனித்தனியே நிறுத்திப் படித்தால் அந்தப் பொருத்தும் போய்விடும், பலர் ஒருவனாகிவிடுவர்.

தேர்வில் அவள் தடுக்கி விழுந்ததும் அங்கேதான். 'அவர்களுக்கு உண்டு' என்பது இல்-ஃஸோன். 'அவர்கள் ஆவர்' என்பது இல்-ஸோன். முன்னது விழித்துக்கொண்ட எஸ். பின்னது வினையின் சொந்த எஸ். முன்னதில் தொண்டை அதிர வேண்டும், பின்னதில் அதிரக் கூடாது. தொண்டைக் குழியில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு தாத்தாவும் பேத்தியும் மாறி மாறி 'ஃஸோன், ஸோன்' என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்த பால்காரர், எங்களுக்கு என்ன நேர்ந்ததோ என்று என் மனைவியிடம் விசாரித்துவிட்டுப் போனார். தொண்டையில் உரசி வரும் அவர்களுடைய ரகரம் மட்டும் எனக்குக் கடைசி வரை கைகூடவில்லை.

ஒரு வாரத்திற்குப் பின் கண்ணில் பட்ட பெயர்களையெல்லாம் அசை பிரிக்கத் தொடங்கினோம். 1930-இல் சேலம் மறைமாவட்டம் அமைந்தபோது அதன் முதல் ஆயரானவர் பாரிஸ் மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர். எழுத்தைப் பார்த்துப் படித்தால் அவர் பெயர் புருனியர். 'பார்லே' என்னும் வினையின் ஈற்றில் எழுதும் ஈ, ஆர் என்னும் அதே இரண்டு எழுத்துகளே இங்கும் ஈற்றில் இருப்பதால் புரு-னியே என்று அவள் திருத்தினாள். பிளம் மரம் என்று பொருளாம். 1855-லும் 1862-லும் புதுச்சேரியில் இரு தொகுதிகளாகத் தமிழ்-பிரெஞ்சு அகராதி வெளியிட்ட குருக்கள் இருவரின் பெயரிலும் கடைசி எழுத்து ஊமை. முசே, துப்புய் என்று ஒலிக்க வேண்டும். புதுச்சேரியின் உழவர்கரையைப் பிரெஞ்சு எழுத்தில் பார்த்துவிட்டு 'ஊல்கரெட்' என்று நான் பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். ஈற்று டகரத்தை விட்டு 'ஊல்-கரெ' என்று சொன்னால் நம் 'கரை' அப்படியே கேட்கிறது. ழகரந்தான் அவர்களுக்கு லகரமாகிவிட்டது. தமிழையே அவர்கள் 'தமூல்' என்றுதானே எழுதுகிறார்கள்!

2023-இல் மீண்டும் தேர்வு எழுதினாள்; பேசுவதில் 19 பெற்றாள். எழுதுவதில் முன்னைவிட இரண்டு குறைந்தது. அதற்கடுத்த நிலைகளையும் முடித்து, இப்போது லியோன் நகரில் படிக்கிறாள். புறப்படும் முன்பு மகனும் நானும் சேர்ந்து அவளுக்குப் பெட்டி கட்டினோம். பல நாள் கழித்து ஒரே வேலையில் எங்கள் இருவர் கையும் பட்டது அன்றுதான்.

ஞாயிறுதோறும் அழைக்கிறாள். அவளோடு அறையில் தங்கியிருக்கும் பிரெஞ்சுத் தோழிக்குத் தமிழ் கற்கும் விருப்பம் வந்திருக்கிறது. தத்துவ போதகர் 1623-இல் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்த நாள்தொட்டு, எத்தனையோ அயல்நாட்டு நாக்குகள் இந்தச் சமவெளியில் தமிழோடு போராடியிருக்கின்றன. இப்போது அந்தப் போராட்டம் லியோனில் ஓர் அடுக்கு மாடியில் நடக்கிறது. சென்ற வாரம் பேத்தி ஒரு குறை சொன்னாள்.

"எல்லாம் சொல்கிறாள் தாத்தா. ஆனால் 'அவர்கள் பேசுகிறா' என்று நிறுத்திவிடுகிறாள். 'ர்கள்' எழுத்தில் இருக்கிறதே என்று கேட்டால், 'அது ஒலிக்காதல்லவா?' என்கிறாள். அவள் ஊரில் வினையின் வால் ஊமைதானே!"

"கைதட்டச் சொல்" என்றேன்.

தொலைபேசியில் இருவரும் தட்டுவது கேட்டது. பே, சு, கி, றா. சிறிது அமைதி. பிறகு யாரோ எதையோ சொல்ல, மறுபடி முதலிலிருந்து. இந்த முறை ஐந்து தட்டுகள் கேட்டன.